டிசம்பர் விடுமுறையில் அவுட்பேக் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் கூடாரத்துடன் காரில் சுற்றிவருவது பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். செம்மண் பாதையும் உளுரு பாறையும் நட்சத்திரம் நிறைந்த வானமும் படங்களில் கண்ணுக்கு விருந்தாக இருந்தன. அந்த நிலத்தை நேசிப்பவர்கள் நாங்கள். அதைப் பற்றித் தமிழில் எழுத்து வருவதே எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால், டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பலாம் என்ற யோசனையோடு கட்டுரை முடிகிறது. அதை நம்பி யாராவது கிளம்பிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இந்தக் கடிதம். சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

டிசம்பர் முதல் பிப்ரவரிவரை அங்கே கோடை. தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது உச்சம் என்றாலும், 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் கோடையில் வரிசையாக வரும். சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அரசே மூடிவிடுகிறது. வடமேற்கே கிம்பர்லி பகுதிக்கு அது மழைக்காலம். டெர்பியிலிருந்து கிழக்கே போகும் சுமார் 660 கிலோமீட்டர் கிப் ரிவர் ரோட்டில் ஆறுகள் பெருகி வழி அடைபட்டுக் கிடக்கும். 1963 டிசம்பர் இறுதியில் பேர்ட்ஸ்வில் பாதையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பெட்ரோல் தீர்ந்து, வண்டியை விட்டு நடந்து, தண்ணீரின்றி இறந்தார்கள். இப்போது பாதை அகலமாகியிருக்கிறது, வண்டிகள் உறுதியானவை. ஆனால் வெயிலும் தூரமும் அப்படியேதான் இருக்கின்றன. மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில்வரை 517 கிலோமீட்டர். நடுவில் டீசல் கிடைப்பது முங்கரானி என்ற ஒரே இடத்தில்தான்.

போக வேண்டிய காலம் மே முதல் ஆகஸ்ட்வரை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு மே மாத விடுமுறை கச்சிதமாகப் பொருந்தும். சிட்னியிலும் மெல்பர்னிலும் இருப்பவர்களுக்கு ஜூன் இறுதி, ஜூலை பள்ளி விடுமுறை இருக்கிறது. ஆனால் பாலைவனம் என்றாலே சூடு என்று நினைத்துப் பருத்திப் போர்வையோடு போகிறவர்கள் இரவில் நடுங்கிப்போவார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாத இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். அங்கே 1976 ஜூலையில் மைனஸ் 7.5 பதிவாகியிருக்கிறது. மைனஸ் 5 வரை தாங்கும் உறக்கப்பை ஆளுக்கு ஒன்று, அதன் கீழே தரைக்குளிரைத் தடுக்கும் தடித்த மெத்தை, கம்பளிக் குல்லா, இவை இருந்தால் போதும். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எந்தப் பாதை? முதல்முறை போகிறவர்களுக்கு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின்வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல், 1987 முதல் முழுக்கத் தார்ச்சாலை. சாதாரணக் காரே போதும். கூடாரம் போட இடங்களும் வழிநெடுக உண்டு. மண்பாதை ஆசை இருந்தால் அடுத்து ஊட்னடாட்டா பாதை. பழைய கான் ரயில்பாதையை ஒட்டி மரீயிலிருந்து மார்லாவரை சுமார் 620 கிலோமீட்டர். வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று நடுவே இரண்டு ஊர்கள், 200 கிலோமீட்டருக்கு ஒன்றாக வரும். வழியில் தரைக்கடியிலிருந்து நீர் குமிழியிட்டு வரும் மேட்டு ஊற்றுகள், நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீளமுள்ள அல்ஜிபக்கினா இரும்புப் பாலம், கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் கட்டி தாண்டா - ஏர் ஏரி. மண்பாதைப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சிம்ப்சன் பாலைவனம், கேனிங் ஸ்டாக் ரூட் போன்றவற்றைப் படத்தில் பார்த்து மயங்கி முதல் பயணத்திலேயே தொடக் கூடாது. சிம்ப்சனைக் கடக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். மவுண்ட் டேரை விட்டால் பேர்ட்ஸ்வில்வரை 500 கிலோமீட்டருக்கு மேல் எரிபொருளே இல்லை. இரண்டு வண்டிகளாவது சேர்ந்து போக வேண்டிய இடங்கள் அவை.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படித்துவிட வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியே ஆனாலும் குறிப்பிட்ட மண்பாதைகளுக்கு மட்டும் அனுமதி தருவார்கள். நீரோடையைக் கடந்து வண்டி கெட்டாலோ, தடைசெய்த பாதையில் கவிழ்ந்தாலோ காப்பீடு கிடைக்காது. மொத்தச் செலவும் உங்கள் தலையில்தான். பல ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டவும் தடை உண்டு. வண்டியைக் கையில் வாங்கும்போதே ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவி எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டுரையில் இடம்பெறாத முக்கியமான விஷயம் எடை. வண்டி உடைவதற்கு எல்லோரும் பாதையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறிய சுமைதான். ஒவ்வொரு வண்டிக்கும் ஜிவிஎம் என்னும் மொத்த எடை வரம்பு உண்டு. அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் ஏற்றக்கூடியது. பெரிய ஸ்டேஷன் வேகன்கள் பலவற்றில் அது 600 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். யூட் எனப்படும் டபுள் கேப் பிக்அப் வண்டிகளில் 1,000 கிலோ அளவுக்கு வரும். நான்கு பெரியவர்கள் 300 கிலோ. தண்ணீர் 120 லிட்டர், அதாவது 120 கிலோ. கூடுதல் டீசல் 40 லிட்டர், 34 கிலோ. சாப்பாட்டோடு ஃபிரிட்ஜ் 45, இரண்டாவது ஸ்டெப்னி 35, படுக்கையும் துணியும் 60, கருவிகள் 50, முன்பக்க இரும்புத் தடுப்பு (புல் பார்) 60, இரண்டாவது பேட்டரி 25, கூரைத் தட்டும் அதன்மேல் கூடாரமும் 80. கூட்டினால் 809 கிலோ! ஸ்டேஷன் வேகன் என்றால் புறப்படும் முன்பே வரம்பு மீறியாயிற்று. யூட் தாங்கும் என்று நினைத்துப் பின்னால் டிரெய்லரையும் மாட்டினால், அதன் கழுத்து அழுத்தும் எடையும் இதில் சேரும். எடை முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும்போது, பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் வண்டியின் சட்டம் (சேஸிஸ்) வளைகிறது; கேபினுக்குச் சற்றுப் பின்னால் ஒருநாள் முறிகிறது. வரம்பு மீறியது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். கிளம்பும் முன், ஆளும் நீரும் டீசலும் நிரப்பிய வண்டியைப் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கனமானவை எல்லாம் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கட்டும். கூரைமேல் ஜெர்ரி கேன்களை அடுக்குவது வண்டி கவிழ்வதற்குச் செய்யும் ஏற்பாடு.

மேலே சொன்ன 120 லிட்டர் தண்ணீர் எப்படி வந்தது? குளிர்காலத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நான்கு பேர், மூன்று நாள் பயணம், மழை பெய்து பாதை மூடினால் காத்திருக்க இன்னும் மூன்று நாள். கோடையில் ஒருவருக்கே 10 லிட்டர் போதாமல் போகலாம். டிசம்பர் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும். மொத்தத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். வண்டிக்கடியில் இருக்கும் குழாயில் ஒரு கல் தெறித்தால் முழுவதும் மண்ணுக்குப் போய்விடும். பாதியாவது 10 லிட்டர் கேன்களில் தனித்தனியாக இருக்கட்டும். வழியில் ஆழ்குழாய் நீர் கிடைக்கும் என்று நம்பிப் போகவும் கூடாது. பெரிய ஆர்ட்டீசியன் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து வரும் நீர் பல இடங்களில் உப்பும் தாதுவும் மிகுந்தது. சில கிணறுகளில் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் பீறிடும். கை வைத்தால் வெந்துவிடும்.

எரிபொருளுக்கு, தார்ச்சாலைக் கணக்கு செல்லாது. தாரில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி, சுமையோடு மண்பாதையில் 15 வரை போகும். மணலில் 20-ஐத் தாண்டும். அடுத்த ஊர்வரை தேவையான அளவு, அதோடு திரும்பி வர நேர்ந்தால் அதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் கவனிக்க: உள்நாட்டுப் பகுதிகள் பலவற்றில், முகர்ந்து போதை ஏற்றுவதைத் தடுப்பதற்காக, சாதாரண அன்லெடட் பெட்ரோலுக்குப் பதிலாக ஓபல் என்று அறியப்பட்ட, ஆரோமேட்டிக் பொருள்கள் குறைந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. சாதாரண அன்லெடட் வண்டிகளுக்கு அதனால் கெடுதல் இல்லை.

டயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவுட்பேக்கில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை டயரால்தான் நிற்கின்றன. கடைகளில் வரும் நகரக் கார் டயர்கள் கூர்ங்கற்களுக்குத் தாங்காது. எல்டி என்று பக்கத்தில் அச்சிட்ட லைட் டிரக் டயர்கள் வேண்டும். தாரில் 40 பிஎஸ்ஐ வைத்திருந்தால், ஜல்லி நிறைந்த மண்பாதையில் 28 முதல் 32 வரை இறக்க வேண்டும். இறக்கினால் டயர் கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும். விறைப்பாக இருந்தால் கல் குத்திக்கொண்டு உள்ளே போகும். மணலில் 16, 18 வரை இறக்கலாம். ஆனால் காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். மண்பாதையில் 80-க்கு மேல் வேண்டாம், மணலில் 30, 40. காற்றைக் குறைத்துவிட்டு 100-ல் பறந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளிருந்தே கிழியும்.

சரியான அழுத்தம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் அளந்தால் 4 பிஎஸ்ஐ ஏறியிருக்க வேண்டும். 6-க்கு மேல் ஏறியிருந்தால் காற்று குறைவு, அல்லது சுமையோ வேகமோ அதிகம். 4-ஐ எட்டவில்லை என்றால் காற்று அதிகம். 2 பிஎஸ்ஐ இறக்கலாம்.

டயர் வெடித்ததாகச் சொல்லப்படுபவற்றில் பல, உண்மையில் வெடித்தவை அல்ல. ஒரு சிறு கல்லோ முள்ளோ குத்தி, காற்று மெல்ல மெல்ல இறங்கும். மண்பாதையின் குலுக்கலில் ஓட்டுபவருக்கு அது தெரியாது. பின்சக்கரம் என்றால் சுத்தமாகத் தெரியாது. பத்து நிமிடம் அப்படியே ஓடினால், இரண்டு டாலர் ரப்பர் திரியால் அடைத்திருக்கக்கூடிய பஞ்சர், பக்கச்சுவர் நார்நாராகி டயரையே தின்றுவிடும். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிவிடும் அழுத்தக் காட்டிகள் கிடைக்கின்றன. காற்று இறங்கினால் முன்னால் இருக்கும் சிறு திரை ஓசை எழுப்பும். வேறெந்த அலங்காரச் சாமானுக்கும் முன் வாங்க வேண்டியது அதுதான்.

பஞ்சரைச் சக்கரத்தைக் கழற்றாமலே அடைக்கலாம். முதலில் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடியுங்கள். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் ஓட்டையை அராவும் அரமூசியும் அதே கோணத்தில் போக வேண்டும். கோணம் மாறினால் டயருக்குள் இருக்கும் எஃகு இழைகள் அறுபடும். அரமூசியை நான்கைந்து முறை உள்ளே விட்டு எடுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். ஊசிக் காதில் திரியைப் பாதிக்கு இழுத்து, பசை தடவி, முக்கால்வாசி உள்ளே போகும்வரை அழுத்திவிட்டு, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவ வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, கம்ப்ரஸரால் காற்றேற்றி, மறுபடி சோப்பு நீர். பெரிய ஓட்டைக்கு இரண்டு மூன்று திரிகள் சேர்த்து வைக்கலாம். பக்கச்சுவரில் வைக்கும் திரி அடுத்த ஊர்வரை 50, 60 வேகத்தில் ஊர்ந்து போவதற்கு மட்டும். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் அந்த வேலையே வேண்டாம். மண்ணில் ஜாக்கி வைக்க, ஓரடிச் சதுரத்தில் தடித்த பிளைவுட் பலகை ஒன்று வேண்டும். இல்லையென்றால் வண்டி மேலே வருவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அலையலையாக வரி விழுந்த மண்பாதையை அங்கே கொருகேஷன் என்பார்கள். மணிக்கணக்காக அதில் ஓடும்போது ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சூடேறி நுரைத்து, அடக்கும் சக்தியை இழக்கிறது. பிறகு ஒவ்வொரு அதிர்வும் நேரே சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் போகிறது. பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை, கூரைத் தட்டின் கால்கள், எக்ஸாஸ்ட் தொங்கும் ரப்பர்கள், இவைதான் முதலில் போகும். வேகமாகப் போனால் வண்டி வரிகளின் மேல் மிதந்து போகும் என்று ஒரு பேச்சு உண்டு. குலுக்கல் குறைவது உண்மைதான். ஆனால் அப்போது டயர் பாதி நேரம் காற்றில் இருக்கிறது, திருப்பத்தில் பிடிப்பு இருக்காது. வண்டிகள் உருண்டு கிடப்பது அப்படிப்பட்ட திருப்பங்களில்தான். காற்றைக் குறைத்து 60, 70-ல் போவது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஷாக் ஆறவிடுவது, இவ்வளவுதான் மருந்து. முகப்பவுடர் போன்ற மண் நிரம்பிய பள்ளங்களைப் புல்டஸ்ட் என்கிறார்கள். மேலே சமதரையாகத் தெரியும். உள்ளே முழங்கால் ஆழம் இருக்கலாம். ஜன்னலை மூடி, ஏசியில் வெளிக்காற்று வரும்படி வைத்து, விசிறியை ஓடவிட்டால் உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமாகித் தூசி நுழையாது.

மாலையில் இடம் பிடித்ததும் வெளிச்சம் இருக்கும்போதே கால்மணி நேரம் வண்டிக்குக் கொடுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்து டயரில் மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கவும். ஷாக்கில் எண்ணெய் வடிகிறதா, போல்ட் எதுவும் பளபளவென்று புதிதாகத் தெரிகிறதா என்று பார்க்கவும்; தளர்ந்து ஆடும் போல்ட்டைச் சுற்றித்தான் துரு உதிர்ந்து பளபளக்கும். டிரெய்லர் இருந்தால் நின்றவுடனேயே சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள்; ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அந்த பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது, வண்டியின் அடிவயிறு. பாதை நடுவே ஸ்பினிஃபெக்ஸ் என்ற ஊசிப்புல் வளர்ந்த தடங்களில், அதன் காய்ந்த தாள் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி அடைந்துகொள்ளும். அதில் பிசின் உண்டு, எளிதில் தீப்பிடிக்கும். வண்டியே எரிந்து சாம்பலாவது இப்படித்தான். அத்தகைய தடத்தில் மாலைவரை காத்திருக்கக் கூடாது. அடிக்கடி நிறுத்தி, முனை வளைத்த கம்பியால் புல்லைக் கிளறி எடுக்க வேண்டும். தீயணைப்பானைப் பெட்டிக்கடியில் புதைத்து வைக்காமல் கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். அதே புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைக் கொதிக்கவைக்கும். முன்னால் ஒரு மெல்லிய வலை கட்டினால் தீர்ந்தது.

மழை பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் கணக்கு அங்கே பொருந்தாது. சில மில்லிமீட்டர் பெய்தாலே களிமண் பாதை சோப்புக்கட்டியாகிவிடும். பாதையை மூடிவிட்டால் மூடியதுதான். மீறிப் போனால் அபராதம். அதைவிட முக்கியம், ஈரத்தில் உழுது போன தடம் காய்ந்து கல்லாகி, அந்தப் பாதையையே நம்பி வாழும் மாட்டுப்பண்ணைக்காரர்களுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் மாதக்கணக்கில் தொல்லை தரும். உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. 2025 மார்ச் இறுதியில் தென்மேற்குக் குயின்ஸ்லாந்தில் பெரும் மழை கொட்டியது. அந்த வெள்ளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மெல்ல நகர்ந்து, வாரங்கள் கழித்துத் தென் ஆஸ்திரேலியாவின் கட்டி தாண்டா ஏரியை வந்தடைந்தது. வானம் நீலமாக இருக்கும்போதே கூப்பர் கிரீக் ஆறு பெருகி பேர்ட்ஸ்வில் பாதையை மறித்து நிற்கும். நீரோடையைக் கடக்கும் முன் ஒருவர் நடந்து ஆழம் பார்க்க வேண்டும் என்பது தெற்கே சரி. வடக்கே கிம்பர்லியிலும் டார்வின் பக்கமும் அதைச் செய்யக் கூடாது. கிப் ரிவர் ரோட்டின் பென்டகாஸ்ட் ஆற்றில் உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. அங்கே காத்திருந்து, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து ஆழத்தைக் கணிக்க வேண்டும். சந்தேகம் என்றால் திரும்பிவிட வேண்டும்.

ரோடு டிரெய்ன் என்னும் தொடர் லாரிகள் 53.5 மீட்டர்வரை நீளம். மண்பாதையில் எதிரே வந்தால் இடதுபுறம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். தூசி அடங்கும்வரை கிளம்ப வேண்டாம், பின்னாலேயே இன்னொன்று வரலாம். முந்துவதற்கு யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆவது சேனலில் ஓட்டுநரிடம் கேட்டால் வழி சொல்வார். கங்காருவும் மாடும் அந்தி சாய்ந்ததும் சாலைக்கு வரும். நான்கரை மணிக்கெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிடுவது நல்ல பழக்கம்.

மணலில் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி, காற்றை இன்னும் 4 பிஎஸ்ஐ குறைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவாக வழித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடுத்தது, சக்கரத்தின் அடியில் வைக்கும் மீட்புத் தட்டுகள். இன்னொரு வண்டியால் இழுப்பது கடைசி வழி. அப்போது டிரெய்லர் மாட்டும் உருண்டையில், அதாவது டோ பாலில், இழுக்கும் ஸ்ட்ராப்பை மாட்டவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக்குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். எடை குறிப்பிட்டுச் சட்டத்தில் பொருத்திய கொக்கிகளில் மட்டும் மாட்டி, மற்றவர்கள் ஸ்ட்ராப்பின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

உதவி கேட்கும் வழிக்கு வருகிறோம். தார்ச்சாலையை விட்டுச் சில கிலோமீட்டர் போனால் கைப்பேசிச் சிக்னல் அறவே கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பிஎல்பி என்ற அவசர சமிக்ஞைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். கைக்குள் அடங்கும், வாடகைக்கும் கிடைக்கிறது. சொந்தமாக வாங்கினால் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இயக்க வேண்டும். ஆன்டெனாவை நிமிர்த்தி, திறந்த வானத்தின் கீழ் வைத்துவிட்டு, அணைக்காமல், இடம் மாறாமல் காத்திருக்க வேண்டும். பிஎல்பி ஒருவழிக் கருவி, பேச முடியாது. ஆகவே செயற்கைக்கோள் போனோ, செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியோ கூட இருந்தால் டயர் வேண்டும், மருந்து வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இந்தச் செயற்கைக்கோள் கருவிகளை அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகராதீர்கள். இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இந்த வரியைப் போடுங்கள். வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும். நடந்து போகும் மனிதர் தெரியமாட்டார். நிழலுக்குத் தார்ப்பாயை வண்டியோடு கட்டி, பகலில் அசையாமல் கிடந்து, தாகம் எடுக்கும்போது குடிக்க வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று குடிக்காமல் கிடந்து மயங்கியவர்கள் உண்டு. விமான ஓசை கேட்டால் காட்ட, காற்றை முழுக்க இறக்கிய ஸ்டெப்னி டயரைக் கொளுத்தினால் கரும்புகை நெடுந்தூரம் தெரியும். காற்றோடு கொளுத்தினால் வெடிக்கும். கிளம்பும் முன் ஊரில் ஒருவரிடம் பாதை, தங்கும் இடங்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கூடாரம் போடும்போது வறண்ட ஓடைப் படுகை மிருதுவான மணலாக ஆளை அழைக்கும், வேண்டாம். ஓடையோரத்து ரெட் கம் மரத்தடியும் வேண்டாம். காற்றே இல்லாத இரவிலும் அது பெரும் கிளைகளை முறித்துப் போடும். மாட்டுத்தொட்டிக்கு அருகில் தங்கினால் மாடுகள் பயந்து தண்ணீருக்கு வராமல் தவிக்கும். அரை கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள். பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். தணலை மணல் போட்டு மூடினால் அணையாது. மேலே குளிர்ந்ததாகத் தெரிந்து உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பூங்காக்கள் பலவற்றில் விறகு பொறுக்கவும் தடை. மலங்கழிக்க நீர்நிலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, ஒரு முழங்கைக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் குழி. காகிதத்தைப் பையில் போட்டு எடுத்துவர வேண்டும்.

அனுமதிச் சீட்டுகளை வெறும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. நீங்கள் போவது பழங்குடி மக்களின் சொந்த நிலத்தின் வழியாக. லேவர்ட்டனிலிருந்து உளுரு பக்கம் வரும் கிரேட் சென்ட்ரல் ரோட்டுக்கு, மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு ஒன்றும் வடக்குப் பிரதேசப் பகுதிக்கு ஒன்றுமாக இரண்டு அனுமதிகள் வாங்க வேண்டும். சிம்ப்சனுக்குப் பாலைவனப் பூங்காச் சீட்டு. பழங்குடி ஊர்கள் பலவற்றில் மதுவைக் கொண்டுபோவதே குற்றம். உளுரு பாறைமேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று அந்த நிலத்துக்கு உரியவர்களான அனங்கு மக்கள் பலகை வைத்திருக்கிறார்கள். கட்டி தாண்டா அராபனா மக்களுக்குப் புனிதமான ஏரி. அதில் வண்டியை இறக்கவோ படகு விடவோ அனுமதி இல்லை. தங்கள் கட்டுரையோடு வந்த படங்களில் உப்புப் படுகையின்மேல் கார் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அது எந்த ஏரியாக இருந்தாலும் வாசகர்களுக்குத் தவறான ஆசையைக் காட்டும். மாநில எல்லைகளில் பழம், காய்கறி, செடிகளைப் பறித்துக்கொள்வார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் தேனும் சேர்த்து. எல்லைக்கு முன்பே சமைத்துத் தீர்த்துவிடுவது நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டு, டிசம்பர் யோசனையை விலக்கிக்கொள்ளுங்கள். அடுத்து இப்படி ஒரு பயணக் கட்டுரை வரும்போது, நான்கு அரசுகளின் சாலை நிலவர அறிவிப்புகளைப் பார்க்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி சேருங்கள். தென் ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துத் துறை, வடக்குப் பிரதேசத்தின் ரோடு ரிப்போர்ட், குயின்ஸ்லாந்தின் கியூஎல்டி டிராஃபிக், மேற்கு ஆஸ்திரேலியாவின் மெயின் ரோட்ஸ். புறப்படும் நாள் காலையிலும், சிக்னல் கிடைக்கும் ஒவ்வொரு ஊரிலும் பார்க்க வேண்டியவை இவை. மார்ச் மாத இதழ்களில் அது வெளிவந்தால், மே, ஜூன் பயணத்துக்கு அனுமதி விண்ணப்பிக்கவும், டயர் மாற்றவும், வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கவும் வாசகர்களுக்கு அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
அவுட்பேக் பாதைகளில் வண்டி ஓட்டும் தமிழ் வாசகர்கள் சிலர்,
அடிலெய்டு